குசினிக் கிணறு

எங்கள் தொழில் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வலது தோள் உளையத் தொடங்கிவிடும். "கொப்பர் கெட்டிக்காரன்" என்பார்கள். அப்பா கெட்டிக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கெட்டித்தனத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் அள்ளியவர்கள் நானும் அம்மாவும். அதை ஒருவரும் கேட்பதில்லை.

அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயற்காணிக்காக, குளத்துத் தண்ணீரை நம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். நான் கிளிநொச்சியில் பிறந்தவள், ஒரே பிள்ளை. வயல் எங்களை ஒரு வருடம் வாழவைக்கும், அடுத்த வருடம் வானத்தைப் பார்க்கவைக்கும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து சனம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியது. வாய்க்கால் கரைகளிலும் விசுவமடுப் பக்கத்திலும் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டார்கள். கொட்டில்கள் கூடக் கூட வயிற்றோட்டமும் கூடியது. கக்கூஸ் கட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கப் போகிறது என்று ஒரு கதை அடிபட்டது. அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கையை நிறுத்தினார்.

"சனம் வீடு வாசலை விட்டுட்டு வரும்," என்றார். "வயித்தை விட்டுட்டு வராது."

"சாப்பிடேக்க கதைக்கிற கதையே இது?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் தொழில் அந்தச் சோற்றுக்கு முன்னால்தான் தொடங்கியது.

வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, கிளிநொச்சி ரவுணுக்குக் கொஞ்சம் தெற்கே, கண்டி றோட்டுக் கரையில் ஒடுக்கமான ஒரு துண்டுக் காணிக்கு வந்து சேர்ந்தோம். நடுவில் வீடு, முன்பக்கம் ஒரு கிணறு. அப்பா யாழ்ப்பாணம் போய் ஒரு மர அச்சைக் கொண்டுவந்தார். கக்கூஸில் குந்தி இருக்கும் கோப்பையை வார்க்கிற அச்சு அது. அச்சுக்குக் கழிவு எண்ணெய் பூசி, சீமெந்தும் ஆற்று மணலும் குழைத்து அடித்து, மறுநாள் கழற்றி, மேலே தனிச் சீமெந்துப் பால் பூசிக் கல்லால் தேய்த்து மினுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்கள் பாடு. கோப்பைகளைத் தொட்டிக்குள் இறக்கி நாட்கணக்காக ஊறவிட வேண்டும். தொட்டிக்குள் அடங்காதவற்றைச் சாக்குப் போட்டு மூடி, சாக்குக் காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"சாமான் தண்ணி குடிச்சாத்தான் இறுகும், பிள்ளை," என்பார் அப்பா. "குடிக்காத சாமான் பாரம் ஏத்தின உடனை வெடிக்கும்."

வன்னி வெயில் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். பள்ளிக்கூடம் போகுமுன் ஊற்றிய தண்ணீர் நான் வரும்போது ஆவியாகிப் போயிருக்கும். நடுவில் அம்மா எத்தனை தரம் ஊற்றினார் என்று கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. துலாக் கயிறு உள்ளங்கையைத் தோலுரித்தது. பிறகு தோல் தடித்துப்போனதால் உரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் கக்கூஸ் கோப்பை வார்த்த எங்கள் வீட்டில் கக்கூஸ் இருக்கவில்லை. பின்வேலிக்கு அப்பால் பற்றைக்காடு இருந்தது, அதற்கப்பால் வாய்க்கால். விடியுமுன் ஒரு தரம், பொழுதுபட்டு மைம்மலில் ஒரு தரம். இடையில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. அந்த வழியை அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரைப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு நாக்கை மட்டும் நனைத்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பார் அம்மா.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கும் ஒண்டைப் போடுங்கோவன்," என்று அவர் முதன்முதல் கேட்டபோது அப்பா உடனே சம்மதித்தார். அவர் மறுக்கிற மனிதர் அல்ல. மறுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

"போடுவம், போடுவம். உமக்குப் போடாமல் ஆருக்குப் போடுறது? இந்த ஓடர் ஒருக்காப் போகட்டும்."

வீட்டுக்குப் பின்னால் வடக்கு மூலையில் தடி நட்டு இடமும் குறித்தார். செங்கல்லும் கொண்டுவந்து அடுக்கினார். அந்த ஓடர் போனது. பின்னால் இன்னொன்று வந்தது. முல்லைத்தீவுப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்கு, செட்டிகுளத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு என்று ட்ரக்டர் பெட்டி வந்து ஏற்றிப் போய்க்கொண்டே இருந்தது. மர அச்சுப் போய் இரும்பு அச்சு வந்தது. செங்கல் அடுக்கில் பாசி பிடித்து, பல்லி குடியிருந்து, அணில் குட்டி போட்டது.

வேலைக்கு ஒரு மலைநாட்டுக் குடும்பம் வந்து சேர்ந்தது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்த இளம் புருசனும் பெண்சாதியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருந்தார்கள். அவர் அச்சு அடிப்பார், அந்த அக்கா கல்லால் தேய்ப்பார். அந்த அக்கா தேய்த்த கோப்பையில் முகம் பார்க்கலாம் என்று அப்பா சொல்வார். கக்கூஸ் கோப்பையில் யார் முகம் பார்ப்பது என்று நான் கேட்டால், "வாய் நீளுது" என்பார்.

சமையலறைச் சாமான் செய்கிற யோசனை அம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சட்டி பானையைக் கிணற்றடியில் குந்தியிருந்துதான் தேய்ப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் பிடிப்பு. "நிண்டுகொண்டு கழுவ ஒரு தொட்டி செய்யேலாதோ?" என்று கேட்டார். அப்பா வெள்ளைச் சீமெந்தும் சின்னச் சின்னக் கற்பொடியும் கலந்து ஒரு சிங்க் வார்த்தார். அதை மினுக்கி வாசலில் வைத்ததும், றோட்டால் போன கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு சிங்க், உடுப்புத் தோய்கல், அடுப்புக்கு மேல் வைக்கிற புகைக்கூடு என்று வரிசையாக வந்தன. ஆசிரியர் வீடுகள், புதுக் கல்வீடுகள் எல்லாம் எங்களிடம் வாங்கின. அப்பா பெயர்ப்பலகை எழுதுவித்தார். அதில் சிங்க் படம் பெரிதாக இருந்தது. கோப்பைப் படத்தை வரைய வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு வரவேண்டியதைத் தட்டிக்கொண்டு போனது அந்தச் சிங்க்தான்.

வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் சிங்க் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். எடுக்க வந்த அன்று நேரே தொட்டியடிக்குப் போய்விட்டார். தொட்டிக்குள் அவருடைய சிங்கும் ஏழெட்டுக் கோப்பைகளும் ஒன்றாய் ஊறிக்கொண்டு கிடந்தன. வாத்தியார் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டார்.

"என்ன காணும் இது? எங்கட குசினிச் சாமானை இதுக்குள்ளையோ போட்டிருக்கிறீர்?"

"மாஸ்டர், எல்லாம் புதுச் சாமான். எல்லாம் ஒரே சீமெந்து," என்றார் அப்பா. "கோப்பையிலை இன்னும் ஒருத்தரும் இருக்கேல்லை."

"இருந்தாலென்ன, இருக்காட்டிலென்ன. கக்கூஸ் கக்கூஸ்தானே? ஊறினது ஒரு தண்ணியில்லையோ? அதிலை வைச்சுச் சுவாமிக்குப் படைக்கிற பாத்திரத்தைக் கழுவச் சொல்லுறீரோ?"

சிங்க்கை எடுக்காமலே போய்விட்டார். அவர் சைக்கிள் போன வேகத்தில் கதையும் போனது. கக்கூஸ் தண்ணீரில் ஊறிய சிங்க் என்று சந்தையில் கதைத்தார்கள், கோயிலடியில் கதைத்தார்கள். சொல்லிவைத்த சிங்க்குகள் வாசலில் தேங்கின. அப்பா இரண்டு நாள் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் கிணறு வெட்டுகிறவர்களோடு வந்தார்.

சமையலறைச் சாமானுக்கு வேறு கிணறு, வேறு தொட்டி. முன்கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒடுக்கமான காணியில் ஆகத் தள்ளிய இடம் எது? வடக்கு மூலை. அம்மாவின் கக்கூஸுக்குத் தடி நட்டிருந்த இடம். தடியைப் பிடுங்கிவிட்டு அங்கேயே வெட்டினார்கள். கிணற்றுக்கட்டுக்குக் கல் வேண்டும் என்றார்கள். கல் பக்கத்திலேயே அடுக்கியிருந்தது.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லையும் எடுத்துப் போட்டியளோ," என்றார். கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை.

"புதுக் கல்லு எடுப்பம். இது முதல் ஓடட்டும்," என்றார் அப்பா.

கிணறு நல்ல ஊற்று. அப்பா மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் கொளுத்தினார். வருகிற ஆட்களை வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், "இது குசினிக் கிணறு. அங்காலைத் தண்ணிக்கும் இங்காலைத் தண்ணிக்கும் தொடர்பில்லை," என்று காட்டினார். நிலத்துக்குக் கீழே தண்ணீர் வேலி பார்த்தா ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிங்க்கைத் திரும்பவும் வாங்கத் தொடங்கினார்கள். அந்த வாத்தியாரும் வந்தார். இந்த முறை வேறு ஒன்று கேட்டார்: "ஆர் இதைத் தேய்க்கிறது? அந்த மலைநாட்டுப் பொம்பிளையோ?" மறுநாள் அப்பா அந்த அக்காவை முன்பக்கத்துக் கோப்பை வேலைக்கு மாற்றிவிட்டார். பின்பக்கத்துச் சிங்க் வேலை எனக்கும் அம்மாவுக்கும் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது அநியாயம் என்று அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"விடு தங்கச்சி," என்றார் அவர். "முன்னால நெழலாச்சும் இருக்கு. எங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன?"

எனக்குத் தொழிலே வெறுத்துப்போனது அன்றைக்குத்தான்.

வியாபாரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அச்சுக் கூடிற்று, ஆள் கூடிற்று, எங்களுக்கு இரண்டு கிணற்றிலும் வேலை கூடிற்று. சமைத்து, அள்ளி, தேய்த்து, மறுபடியும் அள்ளி அம்மாவின் முகம் கறுத்துக் கன்னம் ஒட்டிப்போனது. பின்வேலிக்கு அப்பால் இருந்த பற்றைக்காட்டிலும் ஆட்கள் குடியேறினார்கள். அவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் கோப்பை வாங்கினார்கள். ஒரு கொட்டில் எழும்பினால் எங்களுக்கு ஒரு கோப்பை விற்கும்; அம்மாவுக்கு ஒரு பற்றை குறையும். நடக்கிற தூரம் வாய்க்கால் அணைக்கட்டு வரை நீண்டுவிட்டது.

அம்மா திரும்பவும் கேட்டார். இந்த முறை அப்பா உண்மையாகவே செய்யப் புறப்பட்டார். சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு வந்து இடம் காட்டினார். அந்தப் பரிசோதகர் சொல்கிற இடங்களுக்குத்தான் எங்கள் கோப்பைகள் போய்க்கொண்டிருந்தன. கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளித்தான் மலக்குழி வெட்டலாம் என்பது அவருடைய சட்டம். அப்பாவுக்கு அது வேதம். கோப்பை விற்கும்போது கயிற்றைக் கொண்டுபோய் அளந்து காட்டிவிட்டுத்தான் வருவார். தூரம் காணாவிட்டால் விற்கவே மாட்டார். இப்போது எங்கள் காணியிலும் கயிற்றைப் பிடித்தார்கள். முன்கிணற்றிலிருந்து இழுத்த கயிறு வீட்டுச் சுவருக்குள் போய் முடிந்தது. குசினிக் கிணற்றிலிருந்து இழுத்ததும் வீட்டுக்குள்தான் முடிந்தது.

"அறைக்குள்ளைதான் வெட்ட வேணும்," என்று பரிசோதகர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "நீங்களே பிழையா வெட்டினால் பிறகு சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டுவிட்டுப் பரிசோதகர் தேத்தண்ணி குடித்துப் போனார்.

அவர் போன பிறகு அம்மா சொன்னதை நான் மறக்கமாட்டேன். கத்தவில்லை. கையில் அகப்பை இருந்தது.

"கிணத்திலை இருந்து ஐம்பது அடி எண்டு அளந்தியள். நான் நடக்கிற தூரத்தை ஆர் அளந்தது?"

"சட்டம் எனக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டோ?" என்றார் அப்பா. "பக்கத்துக் காணி ஒண்டு விலைக்கு வரட்டும். வாங்கிப் போடுவம்."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அப்பா உபதேசத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டார்; கக்கூஸைத்தான் ஊருக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் காணி எதுவும் விலைக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் குடியிருந்தவர்களுக்கு அசைகிற யோசனை இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு சனம் இன்னும் வந்தது. பிறகு சண்டையால் றோட்டுப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. சீமெந்து வருகிற கிழமை வேலை, வராத கிழமை சும்மா. ஷெல் சத்தம் கேட்டால் தொட்டிகளுக்கு நடுவில் படுப்போம். சத்தம் நின்றதும் எழும்பி, சாக்குக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்போம். அப்படியும் ஒரு வாழ்க்கை. கலியாணப் பேச்சு ஒன்றிரண்டு எனக்கும் வந்தது. "கக்கூஸ் வீட்டுப் பெட்டை" என்று யாரோ சொன்னார்களாம், அதோடு நின்றுவிட்டது. அழுவதற்குக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது. அந்தப் பெயரையாவது ஒரு கக்கூஸ் இருக்கிற வீட்டுக்கு வைத்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மத்தியானச் சமையல் முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் கறி எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைக் கடந்து அந்த மலைநாட்டு அக்காவின் கொட்டிலுக்குப் போவார். அக்காவின் புருசன் எங்கள் பட்டறையில் காலையில் வேலையைத் தொடங்கிவிடுவார். அக்கா பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னேரம்தான் வருவார்.

"உமக்கு வரவர இளகின மனசு," என்று அப்பா கேலி செய்தார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். கொட்டிலுக்குப் பின்னால் கிடுகால் மறைத்த ஒரு சின்னக் கக்கூஸ் இருந்தது. உள்ளே எங்கள் கோப்பை. விளிம்பு சிதைந்துபோனது என்று அப்பா ஒதுக்கிவைத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பதித்திருந்தார்கள்.

"தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்மா, போங்க," என்றார் அந்த அக்கா. கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் விறகை அடுக்கத் தொடங்கினார். யாரும் யாரையும் பார்க்காத ஒரு மரியாதை அது. முதலாளி வீட்டுப் பெண்சாதி கறிக் கிண்ணத்தோடு வேலையாளின் வீட்டுக் கக்கூஸுக்கு வந்து நிற்கிறார். சிங்க் தேய்க்கக்கூட விடாமல் விலக்கப்பட்ட கை, அங்கே வாளியை நிரப்பி வைத்திருக்கிறது. வரும் வழியில் அம்மா, "கொப்பருக்குச் சொல்லாதை. அந்த மனுசனுக்கு வெக்கமாப் போகும்," என்றார். தன்னுடைய வெட்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மத்தியானங்களில்தான் அம்மா பகலில் தண்ணீர் குடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு இந்தியன் ஆமி வந்தது. றோட்டுக்கரைப் பற்றைகளை வெட்டி வெளியாக்கினார்கள். வாய்க்கால் அணைக்கட்டில் பாலத்தடியில் காவல் போட்டார்கள். அங்காலே போக வர விசாரணை. எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று அவர்கள் பாஷையில் கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார்? அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். மைம்மலில் போகலாம் என்றால் ஊரடங்கு. விடியுமுன் போகலாம் என்றாலும் ஊரடங்கு. வெளிச்சம் வந்தால் அணைக்கட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு எங்கள் பின்வளவு முழுவதும் தெரியும். நாங்கள் வேலியோரம் சீலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சமாளித்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மா சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார்.

ஆனால் தொழிலுக்கு அதுதான் உச்சம். எரிந்த வீடுகளையும் இடிந்த வீடுகளையும் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். ஓடர் வாசலில் வந்து காத்திருந்தது. ஒரு விடுதியின் சமையலறைக்கு வரிசையாகச் சிங்க்குகள் கேட்டிருந்தார்கள். குசினிக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் பூட்டலாம் என்று அப்பா திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைதான் அம்மா கிணற்றடியில் சிங்க் தேய்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

ட்ரக்டர் பெட்டியில் சாக்கு விரித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் டொக்டர். பரிசோதித்துவிட்டுக் கட்டிலருகில் நின்று கேட்டார்.

"சலத்திலை கிருமி ஏறி சிறுநீரகம் வரைக்கும் போட்டுது அம்மா. நீங்கள் தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"குடிச்சால் போக வேணுமே, டொக்டர்," என்றார் அம்மா.

டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்பாவின் பக்கம் திரும்பினார். "வீட்டிலை கக்கூஸ் இல்லையோ?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஐயா என்ன தொழில் செய்யிறியள்?"

"சீமெந்து வேலை," என்றார் அப்பா. கலியாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில் அவரிடம் யாரும் இதைக் கேட்க வேண்டியதே இல்லை, அவரே தொடங்கிவிடுவார். இன்றைக்கு இரண்டே சொல்.

"சீமெந்திலை என்ன செய்யிறனீங்கள்?"

 கட்டிலில் கிடந்த அம்மாதான் அவருக்காகப் பேசினார். அவமானப்படுத்த அல்ல. கணவர் கெட்டிக்காரன் என்று டொக்டருக்குத் தெரியட்டும் என்றுதான்.

"கக்கூஸ் கோப்பை செய்யிறவர், டொக்டர். இந்த ஆசுப்பத்திரிக்கும் இவர்தான் செய்து குடுத்தவர்."

டொக்டர் சிரித்திருந்தால் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை. "இனியும் அடக்கினால் சிறுநீரகம் தாங்காது," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்பா அம்மாவின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய நகக்கண்களில் சீமெந்து இருந்தது. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு முதல்முறையாகக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அம்மா ஆசுப்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு காலை, அப்பா யாருக்கும் சொல்லாமல் அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். குசினிக் கிணற்றின் கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கல் கல்லாக உள்ளே விழுந்து தண்ணீர் தெறித்தது. அம்மா இல்லாததால் காலையிலேயே வேலைக்கு வந்திருந்த அந்த அக்காவும் புருசனும் முன்பக்கத்திலிருந்து வந்தார்கள்.

"ஐயா, என்ன செய்றீங்க? நல்ல கெணறு," என்றார் அக்காவின் புருசன்.

"தூர்க்கிறன்," என்றார் அப்பா.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். "கிணத்தைத் தூர்க்கிறது பாவம், அண்ணை. ஊத்துக் கண்ணை மூடினால் குடும்பத்துக்கு ஆகாது."

"எந்தக் குடும்பத்துக்கு?" என்று அப்பா திரும்பிப் பார்த்துக் கேட்டார். அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

உடைந்த கோப்பை, வெடித்த சிங்க், கோணிப்போன புகைக்கூடு என்று வளவில் கிடந்த கழிவுகள் எல்லாவற்றையும் நாங்கள் தூக்கித் தூக்கிப் போட்டோம். மேலே மணலைக் கொட்டினோம். விடுதிக்காரர் தமது ஓடரைப் பார்க்க வந்தபோது, "இனிச் சிங்க் செய்யிறேல்லை, கோப்பைதான்," என்று அப்பா சொல்லி அனுப்பினார். அவர் காரணம் கேட்டார். "தண்ணி காணாது," என்றார் அப்பா.

கிணறு இல்லாத பின்பக்கத்தில் இப்போது கயிறு தாராளமாகப் போனது. முன்கிணற்றிலிருந்து அளந்து ஐம்பது அடிக்கும் அப்பால் குழி வெட்டினோம். விற்பதற்கு அச்சில் வார்த்து அடுக்கியிருந்த சீமெந்து வளையங்களைக் குழிக்குள் இறக்கினோம். மேலே பலகைக்கல் வைத்தோம். அப்பா நன்றாக ஊறி இறுகிய கோப்பைகளில் ஒன்றைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்துத் தெரிந்தெடுத்தார். ஒன்று சரியில்லை என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதை அந்த அக்காவிடம் கொடுத்து இன்னொரு தரம் தேய்க்கச் சொன்னார். கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அக்கா வாங்கித் தேய்த்தார். சுற்றவரக் கிடுகு கட்டி, படலை மாட்டி, வாளி வைத்து நிமிர்ந்தபோது அன்றைய வெயில் இன்னும் இறங்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று அப்பா அவரைக் கையைப் பிடித்து நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். கிணறு இருந்த இடத்தில் மணல் மேடு கிடந்தது. அதை அம்மா பார்த்தார். உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார். நானும் அப்பாவும் வெளியே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல பகல். வாய்க்கால் அணைக்கட்டில் காவல்காரன் நடந்துகொண்டிருந்தான்.

அம்மா வெளியே வந்து கைகால் கழுவினார். படலையைத் திறந்து இன்னொரு தரம் உள்ளே பார்த்தார். குழியைப் பார்த்தார், கிடுகைப் பார்த்தார்.

"எத்தினை நாள் எடுத்தது?" என்று கேட்டார்.

"காலமை துவங்கினது. பின்னேரம் முடிஞ்சுது."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலத்தான் கேட்டார்.

"இவ்வளவுதானோ வேலை?"

அப்பா மணல் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம்," என்றார். "ஒரு நாள் வேலைதான்."